வீடு பார்க்க வருகிறவர்களுக்கு, செட்டிநாட்டிலிருந்து ஒரு மடல்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கிளம்பும் அன்பர்களுக்கு,



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் வெளியூர் வண்டிகள் கூடிவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, கடியாபட்டி என்று ஊர் ஊராக வருகிறீர்கள். அண்ணாந்து பார்க்கிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், வாய்விட்டு வியக்கிறீர்கள். எங்களுக்கு அதில் சந்தோஷம்தான். நீங்கள் வருவதால் பூட்டிக் கிடந்த சில வீடுகள் விடுதியாகிப் பிழைத்துக்கொண்டன. சமையலுக்கு ஆள், தோட்டத்துக்கு ஆள், ஓடு மாற்ற ஆள் என்று உள்ளூரில் நாலு பேருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. ஆகவே குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களிடம் கேட்க ஒரு காரியம் இருக்கிறது. அதற்கு முன், நீங்கள் பார்க்க வரும் வீடு எப்படி எழுந்தது, எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது செட்டியார், குலத்தவன் இல்லை. அவர்கள் வீடுகளுக்குப் பின்தெருக்காரன். அந்த வீடுகளுக்கு மரம் இழைத்தவர்களும் சுவர் பூசியவர்களும் பந்தியில் பரிமாறியவர்களும் குடியிருந்த தெரு அது. அதனால் என் பேச்சில் குலப்பெருமை இருக்காது. அந்த வீடுகளின் மேல் பாத்தியதை இல்லாவிட்டாலும் பாசம் உண்டு.

முதலில், பணம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். "உப்பும் வைரமும் விற்றார்களாம்" என்று வழிகாட்டிகள் சொல்வதோடு திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். இன்று நிற்கும் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து போய் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணம் அது. 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏறியது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி நெல் போட வந்த குடியானவனுக்குக் கடன் கொடுத்தது செட்டியார் கடை. அந்தக் கடன் இல்லாமல் அந்த வயல்கள் இல்லை. ஆனால் 1930களின் உலகப் பெருமந்தத்தில் நெல்விலை விழுந்து, கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் கடைக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஏறக்குறைய 25 பங்கு ஆனது. பர்மியருக்கு அதில் எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அசாம் வழியாகக் கால்நடையாக ஊர் திரும்பியவர்கள் பலர். பர்மா விடுதலை பெற்றபின் நிலமும் போயிற்று. வீடுகள் மட்டும் இங்கே நின்றன. பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும்போது இந்த இரண்டு பக்கக் கதையும் உங்கள் நினைவில் இருக்கட்டும். அழகை ரசிப்பதற்கு அது தடையாகாது.

இனி வீட்டுக்குள் வாருங்கள். பெரும்பாலானவர்கள் முகப்போடு நின்றுவிடுகிறீர்கள். திண்ணை, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, சுவரில் மூதாதையர் படம். அங்கேயே கேமரா நிறைந்துவிடுகிறது. முகப்பு விருந்தாளிக்கு, வணிகத்துக்கு, ஊராருக்கு. குடும்பம் வாழ்ந்தது அதற்கு அப்பால், வளவில். நடுவே வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வரிசை, அதை ஒட்டி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்த அறையில் படுத்து உறங்குவதைவிட மனைவி கொண்டுவந்த சீர்சாமான்களைப் பூட்டி வைப்பதுதான் முக்கியம். பித்தளை, வெண்கலம், எனாமல், மரச்சாமான் எல்லாம் அடுக்கியிருக்கும். கல்யாணம் ஆனதும் மகனை "வேறு வைப்பார்கள்". அவன் குடும்பத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று படி அளந்துவிட்டு, சமையலைத் தனியாக்கிவிடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. கூட்டுக்குடும்பத்துக்குள்ளேயே ஒவ்வொரு தம்பதியும் வரவு செலவு பழகிக்கொள்ள வைத்த ஏற்பாடு அது. கடல் கடந்து கணக்குப் பார்க்கப்போன ஆண்கள் மூன்று வருஷத் தவணையில் போய்வந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இங்கே வளவை ஆண்டது வீட்டுப் பெண்களான ஆச்சிகள்தான். அதனால் இரண்டாம் கட்டையும் அடுப்படியையும் கிணற்றடியையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஆட்டுக்கல், அம்மி, உரல் கிடக்கும் இடம்தான் அந்த வீட்டின் உழைப்பு நடந்த இடம்.

சுவரில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக, வழவழவென்று இருக்கும். சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பல பூச்சாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சுக்கு மட்டும் மாவாக அரைத்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். ஈரம் காய்வதற்குள் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஓர் ஆள் ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்பு சொற்பம். நூறு வருஷமாக வெள்ளையடிக்காமலே வெள்ளையாக இருக்கும் சுவர்கள் எங்கள் தெருக்களில் உண்டு.

மழை பெய்யும் நாளில் வந்தால் இன்னொன்றும் தெரியும். நாலு பக்கக் கூரையும் வளவுக்குள் சரிந்திருப்பதால் அத்தனை தண்ணீரும் முற்றத்தில் இறங்கும். முதல் மழை கூரையைக் கழுவட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்ததை அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் கல் சாக்கடை வழியாகத் தெருவுக்குப் போய், தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். வறண்ட பூமி இது, வற்றாத ஆறு கிடையாது. தெரு நேராக இருப்பதும், வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதும், ஊருணி இருக்கும் இடமும் எல்லாம் ஒரே கணக்கில் போட்டவை. 2014இல் இந்தியா யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டைச் சேர்த்தபோது, தனி மாளிகை எதன் பேரையும் கொடுக்கவில்லை. தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள் என்றுதான் கொடுத்தது. தொண்ணூற்றாறு ஊராக இருந்து இன்று எழுபத்துச் சொச்சமாக நிற்கும் இந்தப் பரப்பில் பார்க்க வேண்டியது ஊர்தான். ஒரே ஒரு அரண்மனைக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால் நீங்கள் செட்டிநாட்டைப் பார்த்ததாக ஆகாது. விடியற்காலையில் இரண்டு தெரு நடந்து, ஊருணிப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

நடக்கும்போது பல வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். "இவ்வளவு பெரிய வீட்டை இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்களே, மனசே இல்லையா?" என்று நீங்கள் சொல்வது எங்கள் காதில் விழத்தான் செய்கிறது. மனசு இல்லாமல் இல்லை. கணக்குத்தான் ஒத்துவரவில்லை.

வீட்டைக் கட்டியவர் ஒருவர். இன்று அதற்குப் பாத்தியப்பட்ட புள்ளிகள், அதாவது குடும்பங்கள், இருபது இருக்கலாம், முப்பது இருக்கலாம். ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவியும் ஒவ்வோர் ஊரில். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், வயது நிறைவுச் சாந்தி என்று வந்தால் எல்லோரும் கூடுவார்கள். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கும் ஊர் வீட்டில் வைத்துத் திருப்பூட்டுவதில் (தாலி கட்டுவதில்) ஒரு நிறைவு. மற்ற நாளில் வீட்டைக் காவல்காரர் ஒருவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு வயதாகிக்கொண்டே போகும். ஓடு மட்டும் சும்மா இருக்காது. நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். மயிலோ குரங்கோ ஓர் ஓட்டை நகர்த்தினால் போதும். ஐப்பசி மழை உள்ளே இறங்கும். கைமரம் ஊறும், கரையான் ஏறும், சுவரில் அரசங்கன்று முளைக்கும். செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் பாதிப் பேர் கொடுப்பார்கள். மீதிப் பேர் "நாங்கள் வருவதே இல்லையே" என்பார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் வினை வருகிறது. வீட்டைப் பங்கு போட முடியாது. மரத்தைப் பங்கு போடலாம். வளவை முப்பதாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு தர வழியில்லை. ஆனால் தேக்குத் தூணுக்கும் செதுக்கிய நிலைக்கும் உத்தரத்துக்கும் விலை உண்டு. விற்றால் பணம், பணத்தைப் பிரிப்பது சுலபம். மராமத்துக்குச் செலவு செய்வதில் ஒத்துப்போகாத முப்பது பேரும் வருமானம் என்றால் ஒரே நாளில் ஒத்துக்கொள்வார்கள். ஒப்பந்தக்காரர் வருவார். ஓடு இறங்கும், கைமரம் இறங்கும், தூணைக் கயிறு கட்டிச் சாய்ப்பார்கள், நிலை பெயரும், தரைக்கல்லையும் நெம்பி எடுத்துவிடுவார்கள். மூன்று நாலு தலைமுறை கூடிய இடத்தில் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் குவிந்து கிடக்கும்.

அந்தத் தூண் எங்கே போகிறது? உங்களுக்குத் தெரிந்த இடம்தான். பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகாமல் நீங்கள் ஊர் திரும்புவதில்லை. எனாமல் தூக்கு, மைக்கூடு, கண்ணாடி ஓவியம், ரவி வர்மா படம், பித்தளைப் பூட்டு என்று அங்கே பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அவற்றை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குடும்பம் தன் வீட்டுத் தூக்குச் சட்டியை விற்பது அவர்கள் விருப்பம். அதனால் கூரை விழுந்துவிடாது. கடைக்காரர்களையும் நான் குறை சொல்லவில்லை. வருகிற சரக்கை வாங்கி, கேட்கிறவருக்கு விற்பது வியாபாரம்.

ஆனால் தூண், நிலை, கதவு, உத்தரம், தரைக்கல் ஆகியவற்றின் கதை வேறு. ஒரு வீடு விழாமல் இவை கடைக்கு வருவதில்லை. பண்ணை வீட்டு வாசலுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகத்துக்கு, அடுக்குமாடி வரவேற்பறைக்கு "அசல் செட்டிநாட்டுத் தூண் நாலு வேண்டும்" என்று நீங்களோ உங்கள் கட்டடக் கலைஞரோ கேட்கும்போது, பார்த்து வியந்த தெருவில் இன்னொரு வீட்டை இடிக்க முன்பணம் கொடுக்கிறீர்கள்.

"இடித்தது இடித்தாகிவிட்டது, நான் வாங்காவிட்டால் விறகாகத்தானே போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்வி. அந்தத் தூணுக்கு நீங்கள் கொடுக்கும் விலை, விழுந்துவிட்ட வீட்டை நிறுத்தப் போவதில்லை, சரிதான். ஆனால் அடுத்த வீட்டுப் பங்காளிகள் கூடிப் பேசும்போது எதிரே வைக்கப்படுவது அந்த விலைதான். மரம் விறகு விலைக்குப் போனால் வீட்டை இடிப்பதில் லாபம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்களுக்குத் தனியாக ஒன்று. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட செதுக்கு வேலைகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கப்பலில் அனுப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழையதைத் தொடாமல் செட்டிநாட்டிலிருந்து எதையாவது கொண்டுபோக வழி இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ஆத்தங்குடிக்குப் போய்ப் பூங்கல் என்ற தரைக்கல் செய்வதைப் பாருங்கள். ஒரு கண்ணாடித் தட்டு, அதன் மேல் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிமெண்டும் வண்ணப்பொடியும் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கை நடுங்காமல் அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. ஒரு நிறத்தில் இன்னொரு நிறம் ஒட்டுவதில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அதன்மேல் சாந்து அப்பி மட்டம் தட்டுவார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில், அப்புறம் வெயிலில். கண்ணாடி கழன்று வந்ததும் அதில் பட்டிருந்த முகம் பளபளக்கும். சூளை கிடையாது, மெருகு இயந்திரம் கிடையாது. அந்தக் கல்லைப் பதித்து, நடக்க நடக்கத்தான் மெருகு கூடும். உங்கள் புது வீட்டுக்கு அதை வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுப் பனையோலைக் கூடையான கொட்டானை வாங்குங்கள். 2019இல் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்பவரிடமே வாங்குங்கள். தூண் வேண்டும் என்றால், இன்னும் உளி பிடிக்கும் தச்சர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். புது மரத்தில் செதுக்கச் சொல்லுங்கள். காத்திருக்க வேண்டும், கூலி கூடத்தான் ஆகும். அந்தக் கூலியில்தான் அடுத்த தலைமுறை அந்தத் தொழிலுக்கு வரும். பழைய வீட்டைச் சரிசெய்யவும் அதே கைதான் வேண்டும்.

விடுதியாக மாறிய வீட்டில் ஓரிரவு தங்குங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகை, பங்காளிகள் பேச்சுவார்த்தையில் வீட்டின் பக்கம் நின்று பேசுகிற பணம். கொத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் ஒரு பழைய வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக நடத்தியதோடு, இந்த ஊர்களை ஆவணப்படுத்தும் வேலையிலும் இறங்கினார்கள். காரைக்குடியில் ஒரு நகரத்தார் குடும்பம் தங்கள் பங்களாவையே விருந்தினர்களுக்குத் திறந்துவிட்டது. இடிக்காமலும் வருமானம் உண்டு என்று மற்றவர்கள் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

வீட்டுக்குள் இருப்பது மரமும் கல்லும் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டு அறிக்கைகளையும்கூட விடாமல் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுத்தியது. இன்று தமிழ் ஆய்வாளர்கள் தேடிப்போகும் நூலகத்தின் வேர் ஒரு செட்டிநாட்டு ஊரில் இருக்கிறது. பூட்டிய அறைகளில் கணக்கு ஏடுகள், கடிதங்கள், கல்யாண எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. வீடு இடிகிற நாளில் முதலில் எடைக்குப் போவது காகிதம்.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பார்த்தாயிற்றே என்று சிலர் சொல்வீர்கள். 1996இல் திறந்த அந்த வளாகத்தில் எங்கள் பக்கத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோய் மறுபடி நிறுத்திய வீடு ஒன்று இருக்கிறது. நல்ல வேலை, பிள்ளைகளை அவசியம் கூட்டிப்போங்கள். ஆனால் அங்கே பிள்ளையார் நோன்புக்கு யாரும் இழை எடுப்பதில்லை. இங்கே கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், எரியும் திரியோடு மாவுப் பிள்ளையாரை வாயில் வாங்கிக்கொள்ளக் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். ஆள் வாழும் ஊரை அப்படியே காப்பாற்றிய இடமும் உண்டு. ஜப்பானில் ஷிரகவா-கோ என்ற மலைக்கிராமம், புல் வேய்ந்த செங்குத்தான கூரை வீடுகளுக்குப் பேர்போனது. அங்கே 1971இலேயே ஊர்க்காரர்கள் கூடி, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். 1995இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பங்காளிகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் அப்படி ஒரு தீர்மானம் வரப் பல காலம் ஆகலாம். அதுவரை வாங்குகிறவர்கள் எடுக்கும் தீர்மானம்தான் எங்களுக்குத் துணை.

மற்றபடி, வரும்போது சில வழக்கங்களைக் கடைப்பிடியுங்கள். கதவு திறந்திருந்தாலும் குரல் கொடுத்துவிட்டு நுழையுங்கள். செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விடுங்கள். படைப்போ கல்யாணமோ நடக்கும் வீட்டில் அவர்களாக அழைத்தால் ஒழியப் போகாதீர்கள். ஆள் வாழும் வளவில் ஆடை மாற்றி மாற்றிக் கல்யாணப் படப்பிடிப்பு நடத்தாதீர்கள். அதற்கென்று அனுமதி தரும் வீடுகள் உண்டு. பூட்டிய மாடிப்படியில் ஏறாதீர்கள், மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஊருணியில் பிளாஸ்டிக் போடாதீர்கள். காவல்காரருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு, அவரோடு அஞ்சு நிமிஷம் பேசிவிட்டும் வாருங்கள்; பல வீடுகளின் கடைசிச் சரித்திரம் அவரிடம்தான் இருக்கிறது.

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காரைக்குடிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். வாருங்கள், தங்குங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், செய்கிறவர் கையிலிருந்து வாங்கிப் போங்கள். ஒரு தூணை, ஒரு நிலையை, ஒரு கதவை மட்டும் வாங்காதீர்கள். கேட்பாரில்லை என்று ஆகிவிட்டால், இடிக்க வரும் ஆளும் வரமாட்டார்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் பக்கத்துப் பின்தெருக்காரன்